சங்கக் கணக்கிலிருந்து கருவூலத்துக்கு வந்தவர்

1917 ஜூன் கடைசியில் கீவ் நகரில் உக்ரைனின் முதல் தன்னாட்சி அரசு அமைந்தது. மத்திய ராடா என்ற மன்றம் அதை அமைத்தது. தலைமை வின்னிச்சென்கோ என்ற எழுத்தாளருக்கு. நிதித்துறை ஹ்ரிஸ்டோஃபோர் பரனோவ்ஸ்கிக்கு. அவர் கிராமத்துக் கடன் சங்கங்களின் கீவ் ஒன்றியத்தை வளர்த்தெடுத்தவர். சில வாரங்களில் அவர் விலகியதும் நிதித்துறை மிக்கைலோ துகான்-பரனோவ்ஸ்கியிடம் போனது. உலக அளவில் பேர்பெற்ற பொருளியலாளர். கூட்டுறவின் கோட்பாட்டை எழுதியவர். அந்த நாட்டுக் கூட்டுறவுகளின் தலைமைக் குழுவிலும் இருந்தவர். 1919-ல் அதே பொறுப்பு போரிஸ் மார்ட்டோஸிடம் வந்தது. அவர் பொல்ட்டாவா கிராமங்களில் பண்டகசாலைகளின் கணக்கைச் சரிபார்த்துத் திரிந்தவர். 1920-ல் மறுபடியும் ஹ்ரிஸ்டோஃபோர் பரனோவ்ஸ்கி.

மூன்றே ஆண்டுகள் உயிரோடிருந்த ஒரு குடியரசு தன் கஜானாச் சாவியைத் திரும்பத் திரும்பக் கூட்டுறவுக்காரர்களிடமே கொடுத்திருக்கிறது. வங்கி முதலாளிகளும் சர்க்கரை ஆலை அதிபர்களும் ஜாரின் நிதித்துறையில் ஊறிய அதிகாரிகளும் கீவில் இல்லாமல் இல்லை. அவர்களை விட்டுவிட்டு ஏன் இவர்கள்? பழைய பணத்தாள்களின் படங்களைத் தேடிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அந்த வழியாகத்தான் இந்தக் கேள்விக்குள் போனேன். போனபின் என்னைப் பிடித்துக்கொண்டவர் மார்ட்டோஸ். வரலாற்று நூல்களில் அவருக்குக் கிடைப்பது இரண்டு வரி: 1919 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை உக்ரைன் மக்கள் குடியரசின் பிரதமர், தோற்றுப்போன ஓர் அரசின் தலைவர். அந்த இரண்டு வரிக்கு முன்னும் பின்னும் ஒரு நீண்ட வாழ்க்கை இருக்கிறது. 98 வயது வரை வாழ்ந்த மனிதர் அவர்.

பிறந்தது 1879-ல், ஹ்ராடிஸ்க் என்ற சிற்றூரில். ட்னிப்ரோ ஆற்றங்கரையில், கிரெமென்சுக் நகரத்துக்குப் பக்கம். அன்றைய பொல்ட்டாவா மாகாணம். கார்கிவ் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தார். ஜாரின் காவல்துறை அவரைப் படிப்புக்கு நடுவிலேயே பிடித்துப் போட்டது. ஒரு முறையோடு நிற்கவில்லை. அன்று உக்ரேனிய மாணவர்கள் பலரையும் ஈர்த்த சோசலிசக் கட்சியில் அவரும் சேர்ந்திருந்தார். ஆனால் அவரது தலைமுறையில் மேடை ஏறிப் பேசப் பலர் இருந்தார்கள். இவர் போய்ச் சேர்ந்த இடம் வேறு: வோலின் பகுதியிலும் பிறகு பொல்ட்டாவாவிலும் கூட்டுறவுப் பயிற்றுநர் வேலை. நடுவில் இரண்டு ஆண்டுகள் கருங்கடல்-குபான் ரயில்வேயில் நிதிப் பொறுப்பு. பெரிய நிறுவனத்தின் வரவு செலவை உள்ளிருந்து பார்த்தது அங்கேதான். 1913-ல் பொல்ட்டாவாவின் ஜெம்ஸ்ட்வோ என்ற மாகாண உள்ளாட்சியில் கூட்டுறவுகளுக்கான தலைமை ஆய்வாளரானார். புரட்சி வரும்வரை அந்த வேலைதான்.

அந்த வேலையின் கனத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் நடப்பது எதுவும் புரியாது.

1876-ல் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் ஜெர்மனியின் எம்ஸ் நகரில் ஓய்வில் இருந்தபோது ஒரு ரகசிய ஆணையில் கையெழுத்திட்டார். உக்ரேனிய மொழியில் நூல் அச்சிடுவதையும் வெளியிலிருந்து கொண்டுவருவதையும் அது ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்தது. 1905 புரட்சிக்குப் பிறகே கட்டு தளர்ந்தது. அப்போதும் உக்ரேனியப் பள்ளி கிடையாது, உக்ரேனியக் கட்சிகளுக்குச் சட்டப்படி மூச்சுவிட இடம் கிடையாது. படித்த உக்ரேனியன் தன் ஊர் விவசாயியோடு தன் மொழியில், சட்டத்துக்கு உட்பட்டு, வாரா வாரம் உட்கார்ந்து பேசக்கூடிய இடம் ஒன்றுதான் மிஞ்சியது: கூட்டுறவுச் சங்கம். உப்பு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி, ஆணி, தேயிலை. இவற்றை மொத்தமாக வாங்கி உறுப்பினர்களுக்கு நியாய விலையில் கொடுக்கும் கடை. விதைக்கும் மாட்டுக்கும் கடன் கொடுக்கும் சங்கம். இதில் ஆபத்து எதையும் அரசாங்கம் முதலில் காணவில்லை.

மண்ணும் ஏற்கெனவே பண்பட்டிருந்தது. கார்கிவில் 1866-லேயே மைக்கோலா பால்லின் நுகர்வோர் சங்கம் தொடங்கியிருந்தார். பொல்ட்டாவா மாகாணத்தின் ஹாடியாச் ஊரில் 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சேமிப்பு-கடன் சங்கம் பிறந்தது. இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்களின் விதிகள் ஒரு பக்கம், ஜெர்மனியில் ரைஃபைசன் காட்டிய கிராமக் கடன் சங்க முறை இன்னொரு பக்கம். பின்னால் 1890-களில் சென்னை மாகாணத்தில் ஃபிரெடெரிக் நிக்கல்சன் தன் அறிக்கையில் பரிந்துரைத்ததும் அதே ரைஃபைசன் முறையைத்தான். நம் ஊர்க் கடன் சங்கங்களுக்கும் பொல்ட்டாவாவின் சங்கங்களுக்கும் தாத்தா ஒருவரே.

பயிற்றுநர் கிராமத்துக்குப் போய் என்ன செய்வார்? முதலில் ஊராரைக் கூட்டி, பங்குத்தொகை என்றால் என்ன, ஒரு ஆளுக்கு ஒரு வாக்கு என்றால் என்ன என்று விளக்குவார். பத்துப் பங்கு வைத்திருந்தாலும் வாக்கு ஒன்றுதான். இது பண்ணையாருக்கும் கந்துவட்டிக்காரனுக்கும் கீழே தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களுக்குப் புதுச் செய்தி. பிறகு நிர்வாகக் குழு, அதைக் கண்காணிக்கத் தணிக்கைக் குழு, இரண்டுக்கும் தேர்தல். பிறகு பேரேடு. எழுத்தறிவு குறைந்த கிராமத்தில் வரவும் செலவும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும்படி எழுதக் கற்றுக்கொடுப்பது. அடுத்த முறை வந்து அந்தப் பேரேட்டைத் திறந்து பார்ப்பது. கணக்கு ஒத்துப்போகவில்லையென்றால் ஊர்ப் பொதுக்கூட்டத்தில் எழுந்து அதைச் சொல்வது. பணத்தைக் கையாள்பவன் அந்தப் பணத்தின் சொந்தக்காரர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்ற ஒழுக்கம் இப்படித்தான் ஒரு நாட்டுக்குள் பரவியது. உலகப்போர் தொடங்கும்போது உக்ரைன் முழுக்க ஆயிரக்கணக்கான சங்கங்கள் இருந்தன. 1913-ல் கீவில் நடந்த ரஷ்யப் பேரரசு அளவிலான கூட்டுறவு மாநாட்டில் உக்ரேனியர்கள் எழுந்து, எங்கள் சங்கங்களை இணைக்க எங்களுக்கென்று தனி மையம் வேண்டும், எங்கள் மொழி வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார்கள்.

என் முதல் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். 1917-ல் பேரரசு இடிந்து விழுந்தபோது உக்ரேனிய மொழியில் கணக்கு எழுதத் தெரிந்த, கிராமம் நம்பிப் பணம் கொடுத்த, ஆயிரம் ஊர்களோடு தினசரித் தொடர்பு வைத்திருந்த ஒரே அமைப்பு கூட்டுறவு மட்டுமே. மத்திய ராடாவின் ஆரம்பச் செலவுகளுக்கே கூட்டுறவுகளின் பணம் துணை நின்றது. வரி வசூல் ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராடுக்குப் போய்க்கொண்டிருந்தது. கீவின் அரசுக்குக் கட்டடம் இருந்தது, கல்வி அருங்காட்சியகத்தின் அந்த வட்டக் கூரைக் கட்டடம், கொடி இருந்தது, பெட்டியில் பணம் இல்லை. மார்ட்டோஸுக்கு அந்த முதல் அமைச்சரவையில் நிலத்துறை கிடைத்தது.

1917 டிசம்பரில் நெருக்கடி முற்றியது. போல்ஷெவிக்குகள் பெட்ரோகிராடிலிருந்து கீவுக்குப் பணத்தாள் அனுப்புவதை நிறுத்தினார்கள். கூலி கொடுக்கத் தாள் இல்லை. ராடா தன் சொந்தப் பணத்தை அச்சிடச் சட்டம் இயற்றியது. 1918 ஜனவரித் தொடக்கத்தில் 100 கர்போவனெட்ஸ் தாள் வெளிவந்தது. ஓவியர் ஹியோர்ஹி நார்புட் வரைந்தது. இன்று உக்ரைனின் சின்னமாக நமக்குத் தெரிந்த அந்தத் திரிசூலம் அரசுச் சின்னமாக அறிவிக்கப்படுவதற்கு முன்பே இந்தத் தாளில் இடம்பிடித்துவிட்டது. தாளின் ஒரு பக்கம் உக்ரேனியம். மறுபக்கம் ரஷ்யம், போலிஷ், இட்டிஷ் ஆகிய மூன்றும். அந்த மண்ணில் வாழ்ந்த யூதர்களின் மொழியை ஓர் அரசு தன் பணத்தில் அச்சிட்டது. எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிறையும். பின்னால் நடந்ததை நினைத்தால் கனக்கும். அதற்கு வருகிறேன்.

அந்தப் பணத்துக்குப் பிணை என்ன? தங்கம் இல்லை. குடியரசின் கனிவளம், காடுகள், ரயில்வே, அரசு வருமானம், குறிப்பாகச் சர்க்கரை ஏகபோகத்திலிருந்து வரும் வருவாய் என்று எழுதினார்கள். பொடோலியாவின் பீட்ரூட் வயல்களும் ஆலைகளும்தான் தங்கத்தின் இடத்தில் நின்றன. 1918 மார்ச்சில் ஹ்ரிவ்னியா என்ற அலகு வந்தது. இரண்டு ஹ்ரிவ்னியா ஒரு கர்போவனெட்ஸ், நூறு ஷாஹ் ஒரு ஹ்ரிவ்னியா. அவற்றை பெர்லினில் அச்சிடச் சொன்னார்கள்.

அந்த ஏப்ரலில், உக்ரைனில் படை நிறுத்தியிருந்த ஜெர்மானியர்கள் ராடாவைக் கலைக்க வழிவிட்டு, ஸ்கோரோபாட்ஸ்கி என்ற தளபதியை ஹெட்மன் பட்டத்தோடு அமர்த்தினார்கள். மார்ட்டோஸ் கூட்டுறவுக்குத் திரும்பினார். ட்னிப்ரோசோயுஸ் என்ற நுகர்வோர் கூட்டுறவுகளின் நாடளாவிய ஒன்றியத்திலும், எல்லாவகைக் கூட்டுறவுகளுக்குமான மையக் குழுவிலும் தலைமைப் பொறுப்பு. ட்னிப்ரோசோயுஸ் சாதாரண மொத்தக் கொள்முதல் நிலையமாக மட்டும் இருக்கவில்லை. அதற்கு இசைப்பிரிவு ஒன்று இருந்தது. கிரிலோ ஸ்டெட்சென்கோ என்ற இசையமைப்பாளர் அதன் பாடகர் குழுவை 1920-ல் ஊர் ஊராக அழைத்துப் போனார். கவிஞர் பாவ்லோ டிச்சினாவும் அந்தப் பயணத்தில் கூடப் போனார். உப்பும் மண்ணெண்ணெயும் விற்ற லாபத்தில் ஒரு நாடு தன் பாட்டைக் கேட்டது. இப்படிப்பட்ட செய்தி எதிலும் வரலாற்று நூல்கள் அதிக நேரம் நிற்பதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

1918 டிசம்பரில் ஹெட்மன் ஆட்சி கவிழ்ந்தது. டைரக்டரி என்ற ஐவர் குழு குடியரசை மீட்டது. மார்ட்டோஸுக்கு உணவுத்துறை. 1919 பிப்ரவரியில் கீவ் போல்ஷெவிக்குகளிடம் விழுந்தது. அரசு வின்னிட்சியா, ரிவ்னே என்று மேற்கே மேற்கே நகர்ந்தது. ஏப்ரல் 9 அன்று ரிவ்னேயில் மார்ட்டோஸ் பிரதமரானார். நிதியையும் தானே வைத்துக்கொண்டார். ஒரு மாதம்கூட முடியவில்லை. ஏப்ரல் 29 அன்று ஓஸ்கில்கோ என்ற படைத்தளபதி அமைச்சர்களைக் கைது செய்து ஆட்சியைப் பிடிக்க முயன்றார். மற்ற படைகள் அவர் பக்கம் வராததால் கலகம் உடனே அடங்கியது. மே மாதத்தில் மேற்கிலிருந்து போலந்துப் படை, கிழக்கிலிருந்து போல்ஷெவிக்குகளின் செஞ்சேனை. நடுவில் ரயில் பெட்டிகளில் ஓர் அரசாங்கம். “பெட்டிக்குள்ளே டைரக்டரி, பெட்டிக்கடியில் நாட்டெல்லை” என்ற பொருளில் அந்தக் கால உக்ரேனியர்கள் எதுகையோடு பாடிய ஒரு வரி இன்றும் எல்லார் வாயிலும் உண்டு. அந்தப் பெட்டிக்குள் இருந்தவரை நான் நினைத்துப் பார்க்கிறேன். படை வீரனுக்குச் சம்பளம், குதிரைக்குத் தீனி, ஆசிரியருக்கு ஊதியம், டைஃபஸ் நோயாளிக்கு மருந்து. எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் வந்து நின்றிருப்பார்கள்.

ஜூனில் கமியானெட்ஸ்-பொடில்ஸ்கி நகரத்துக்கு வந்து சேர்ந்தபோதுதான் காலூன்ற இடம் கிடைத்தது. பழங்கோட்டை, கீழே வளைந்து ஓடும் ஆற்றுப் பள்ளத்தாக்கு, முந்தைய ஆண்டுதான் தொடங்கிய ஒரு பல்கலைக்கழகம். சுற்றிலும் சர்க்கரை ஆலைகள். ஆனால் இந்த நிதியமைச்சருக்கு வாய்த்த சிக்கல் வேறு எந்த நிதியமைச்சருக்காவது வாய்த்திருக்குமா என்று தெரியவில்லை: அவருடைய பணத்தை அவருடைய எதிரிகளும் அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள்.

50 கர்போவனெட்ஸ் தாளில் மண்வெட்டியோடு ஒரு விவசாயி நிற்பார். மக்கள் அந்தத் தாளை “மண்வெட்டி” என்றே அழைத்தார்கள். அதன் அச்சுத் தகடுகள் கீவிலும் ஒடேசாவிலும் இருந்தன. ஒடேசா கைவிட்டுப் போனதும், அங்கே ஆதிக்கத்துக்கு வந்த, போல்ஷெவிக்குகளை எதிர்த்த ரஷ்ய வெண்படையினர் அதே தகடுகளில் தொடர்ந்து அச்சடித்தார்கள். கீவில் போல்ஷெவிக்குகள், உக்ரைன் குடியரசை ஒழிக்கவென்றே வந்தவர்கள், அந்தக் குடியரசின் தாள்களையே அச்சிட்டுச் செலவு செய்தார்கள். மக்கள் அந்தத் தாளை நம்பினார்கள், அதனால். கமியானெட்ஸிலிருந்து அரசு சில தொடர் எண்களுக்கு மேற்பட்ட ஒடேசாத் தாள்கள் செல்லாது என்று அறிவித்தது. ஆனால் சந்தையில் முட்டை விற்கும் பெண் எண்ணைப் பார்த்தா வாங்குவாள்? அதே தாள், அதே மண்வெட்டி, அதே திரிசூலம். சங்கத்தின் முத்திரை திருட்டுப் போனால் ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிடலாம். நாட்டின் முத்திரை எதிரியின் கையில் இருந்தால் யாரைக் கூட்டிச் சொல்வது?

மாற்றுவழி பெர்லின். அங்கே அச்சான ஹ்ரிவ்னியாக்கள் பெட்டி பெட்டியாகத் தயாராக இருந்தன. போலந்தும் ருமேனியாவும் வழி விடவில்லை. ஆகவே விமானத்தில் கொண்டுவந்தார்கள். போரில் குண்டு வீசுவதற்காகக் கட்டிய ராட்சத ஜெர்மன் விமானங்கள் பணத்தாள் ஏற்றிக்கொண்டு பிரெஸ்லாவிலிருந்து கமியானெட்ஸுக்குப் பறந்தன. 1919 கோடையில் அப்படி ஒரு விமானம் ரட்டிபோர் அருகே விழுந்து நொறுங்கியது. மேற்கு உக்ரைனில் 1918 நவம்பர் எழுச்சிக்குத் தலைமை தாங்கிய கர்னல் டிமிட்ரோ விட்டோவ்ஸ்கி அதில் இறந்தார். பாரிஸ் அமைதி மாநாட்டில் ஆதரவு தேடிப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தவர்.

அந்த ஆண்டில் நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் இந்த வாழ்க்கையை எழுதுவது நேர்மையாகாது. 1919 பிப்ரவரி 15 அன்று புரோஸ்குரிவ் நகரில், குடியரசின் கொடியின் கீழிருந்த படைப்பிரிவொன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களைக் கொன்றது. பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். புரோஸ்குரிவ் மட்டுமில்லை, அந்த ஆண்டு முழுக்க உக்ரைனின் சிற்றூர்களில் யூத ரத்தம் ஓடியது. வெண்படை, செஞ்சேனையின் சில பிரிவுகள், தன்னிச்சையாகத் திரிந்த அட்டமான்கள் என்ற படைத்தலைவர்கள், குடியரசின் வீரர்கள் என எல்லாப் பக்கமும் கை கறைபட்டது. மார்ட்டோஸ் பிரதமரானபோது யூதர் விவகாரங்களுக்கென்று பின்ஹாஸ் கிராஸ்னி அமைச்சரானார். மே மாத இறுதியில் கொலைவெறியாட்டங்களை விசாரிக்கத் தனி ஆணையம் அமைக்கச் சட்டம் வந்தது. ஆகஸ்டில் டைரக்டரியின் தலைவர் பெட்லியூரா படைக்கு வெளியிட்ட ஆணை இந்தக் கொலைகளைக் கடுமையாகக் கண்டித்தது. இவையெல்லாம் நடந்தன, மனப்பூர்வமாகவே நடந்தன என்று நம்புகிறேன். ஆனால் தாமதமாக நடந்தன. பணத்தாளில் இட்டிஷ் அச்சிட்ட அரசால் அந்த மொழி பேசியவர்களின் உயிரைக் காக்க முடியவில்லை. படையைக் கட்டுக்குள் வைத்திருக்க முடியாத அரசு அந்தப் படை செய்ததற்குப் பொறுப்பிலிருந்து விலக முடியாது. பிரதமர் நல்ல மனிதர் என்பது அதைக் குறைக்காது.

ஆகஸ்ட் இறுதியில் மார்ட்டோஸ் பிரதமர் பொறுப்பை இசாக் மாசெப்பாவிடம் விட்டார்; நிதித்துறையில் தொடர்ந்தார். அந்த மாதம் 31 அன்று உக்ரேனியப் படை கீவுக்குள் நுழைந்து, அன்றே டெனிகின் என்ற ரஷ்யத் தளபதியின் வெண்படையிடம் இழந்தது. இலையுதிர் காலத்தில் டைஃபஸ். மருந்து வாங்க நேச நாடுகள் வழிவிடவில்லை. நவம்பரில் கமியானெட்ஸ் போலந்துக்காரர்களிடம் போனது. டிசம்பர்த் தொடக்கத்தில் லியுபார் என்ற சிற்றூரில், அட்டமான் வோலோஹ் கலகம் செய்து கருவூலத்தில் எஞ்சியிருந்ததைப் பறித்துக்கொண்டு போல்ஷெவிக்குகள் பக்கம் போய்விட்டார். உக்ரைன் மக்கள் குடியரசின் கஜானாக் கதை அங்கே முடிகிறது எனலாம். 1920-ல் போலந்தோடு கைகோத்து ஒரு கடைசி முயற்சி நடந்தது. பரனோவ்ஸ்கி மறுபடி நிதியமைச்சரானது அப்போதுதான். அவர் வாழ்க்கை 1941-ல் பிரேசிலில் முடிந்தது. துகான்-பரனோவ்ஸ்கி அதற்கு முன்பே போய்விட்டார்: 1919 ஜனவரியில், பாரிஸ் போகும் வழியில், ஒடேசாவுக்கு அருகே ரயிலிலேயே மாரடைப்பு.

மார்ட்டோஸ் 1920-ல் நாட்டைவிட்டு வெளியேறினார். முதலில் ஜெர்மனி. பிறகு செக்கோஸ்லோவாக்கியாவின் பொஜெப்ராடி. அந்த நாட்டு அதிபர் மசாரிக்கின் அரசு செய்த உதவியோடு 1922-ல் அங்கே உக்ரேனியப் பொருளாதார அகாதமி பிறந்திருந்தது. எல்பே ஆற்றங்கரையில் ஒரு பழைய கோட்டையில் வகுப்புகள். தோற்ற படையின் முன்னாள் வீரர்கள் அங்கே வேளாண்மையும் பொறியியலும் கூட்டுறவும் படித்தார்கள். யெவ்ஹென் மலானியுக் போன்ற பெருங்கவிஞர் அங்கே நீர்ப்பொறியியல் படித்துப் பட்டம் பெற்றார். மார்ட்டோஸ் கூட்டுறவுப் பேராசிரியர். அகாதமி மூடப்படும் நிலை வந்தபோது அஞ்சல்வழிக் கல்விக்கென்று ஒரு நிறுவனத்தை அதன் வழித்தோன்றலாக வைத்தார்கள். போலந்தின் ஆட்சியிலிருந்த மேற்கு உக்ரைன் பகுதியான கலீசியாவின் கிராமத்துச் சங்கச் செயலாளர்கள் தபாலில் வந்த பாடங்களைப் படித்தார்கள். அங்கே இயங்கிய மாஸ்லோசோயுஸ் என்ற பால் கூட்டுறவு ஒன்றியம் அந்தக் காலத்தில் வெண்ணெயை ஐரோப்பியச் சந்தைக்கே அனுப்பிக்கொண்டிருந்தது.

சோவியத் எல்லைக்கு அப்பால் என்ன நடந்தது? 1920-லேயே ட்னிப்ரோசோயுஸை அரசு தன் கீழான ஒன்றியமாக மாற்றியிருந்தது. பெயர்ப்பலகையில் கூட்டுறவு என்ற பெயர் இருந்தது. தேர்தலும் பங்கும் உறுப்பினர் குரலும் படிப்படியாகக் கரைந்தன. 1932 டிசம்பர் 6 அன்று உக்ரைன் சோவியத் அரசும் கட்சியும் ஒரு தீர்மானம் போட்டன. தானியக் கொள்முதல் இலக்கை எட்டாத ஆறு கிராமங்கள் “கரும்பலகை”யில் ஏற்றப்பட்டன. தண்டனைகளில் முதலாவது: அந்த ஊர்களுக்குச் சரக்கு அனுப்புவதை உடனே நிறுத்துவது, கூட்டுறவு வணிகத்தையும் அரசு வணிகத்தையும் முழுவதுமாக நிறுத்துவது, கூட்டுறவுக் கடைகளில் இருக்கும் எல்லாச் சரக்கையும் எடுத்துப்போவது. ஹோலடோமோர் என்ற 1932-33 கொலைப்பஞ்சத்தின் நடுவில், உப்பும் தீப்பெட்டியும் கூடக் கிடைக்கக் கூடாது என்று.

அந்த ஆறு ஊர்களில் இரண்டு, லியுட்டென்காவும் காமியானி பொட்டோக்கியும், இன்று பொல்ட்டாவா மாகாணத்தில் இருக்கின்றன. லியுட்டென்கா ஹாடியாச் பக்கம். உக்ரைனின் மிகப் பழைய கடன் சங்கங்களில் ஒன்று பிறந்த ஊருக்குப் பக்கம். காமியானி பொட்டோக்கி கிரெமென்சுக் பக்கம். மார்ட்டோஸ் பிறந்த வட்டாரம். இந்த மாகாணத்தின் பண்டகசாலைகளைத்தான் அவர் நான்காண்டுகள் ஆய்வு செய்தார். உறுப்பினர்களுக்குச் சொந்தமான கடை என்பதுதான் அவர் சொல்லித் திரிந்தது. உறுப்பினர்களிடமிருந்து அந்தக் கடையைப் பிடுங்கிய பிறகு, அதே நான்கு சுவரையும் அதே தட்டுகளையும் வைத்து ஒரு ஊரைப் பட்டினி போட முடிந்தது. பொஜெப்ராடியில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தவரின் மனநிலையை எழுத எனக்குத் துணிவில்லை. கூட்டுறவில் அரசு எவ்வளவு தூரம் நுழையலாம் என்று யாராவது விவாதித்தால் எனக்கு இந்தத் தீர்மானம்தான் நினைவுக்கு வருகிறது.

1945-ல் செஞ்சேனை பிராக் வரை வந்துவிட்டது. மார்ட்டோஸ் மேற்கே முனிச் போய்ச் சேர்ந்தார். வயது 66. இடிந்த நகரம், அகதி முகாம்கள், சோவியத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சத்தில் ஆயிரக்கணக்கான உக்ரேனியர்கள். அங்கே அவர் செய்தது: உக்ரேனியப் பொருளாதார உயர்கல்விப் பள்ளி ஒன்றைத் தொடங்கி அதன் தலைவரானார். முகாமிலிருந்து வந்த இளைஞர்களுக்கு நிதி, கணக்கியல், கூட்டுறவு. நாடு எது, ஊர் எது என்று தெரியாத ஓர் இளைஞனுக்குக் கணக்கியல் எதற்கு என்று கேட்கலாம். அவர் அப்படிக் கேட்டவரில்லை. பொல்ட்டாவாவில் எழுத்தறியாத கிராமத்தில் பேரேட்டைத் திறந்தவருக்கு முனிச் முகாமில் திறப்பதில் என்ன தயக்கம்?

பிறகு அமெரிக்கா. 1972-ல், 93 வயதில், யாகிவ் சொசூலியாவோடு சேர்ந்து உக்ரைன் அரசின் பணத்தைப் பற்றிய நூலை முனிச்சில் வெளியிட்டார். மண்வெட்டித் தாள், ஹ்ரிவ்னியா, எந்த அரசு எதை அச்சிட்டது என்பதையெல்லாம் அந்தப் பணத்துக்குப் பொறுப்பாக இருந்தவரே எழுதி வைத்துவிட்டுப் போனார். பணத்தாள்களைப் பற்றித் தேடும் என்னைப் போன்றவர்கள் எந்த வழியில் போனாலும் கடைசியில் அந்த நூலில் வந்து நிற்கிறோம். பதவியிலிருந்தவர் 50 ஆண்டு கழித்துத் தன் கணக்கை ஊர் முன் திறந்து வைப்பது அபூர்வம். தணிக்கைக்காரருக்கு அது வழக்கமாக இருந்திருக்கலாம்.

1977 செப்டம்பரில் நியூ ஜெர்சியில் காலமானார். அந்த மாநிலத்தின் சவுத் பவுண்ட் புரூக்கில், உக்ரேனிய ஆர்த்தடாக்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்.

முனிச் போன்ற முகாம்களிலிருந்து கப்பலேறி அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போன உக்ரேனியர்கள் அங்கே முதலில் கட்டியவை தேவாலயமும் பள்ளியும். அவற்றோடு கூடவே கடன் சங்கங்களையும் கட்டினார்கள். நியூயார்க்கிலும் சிகாகோவிலும் “சமோபோமிச்”, அதாவது தன்னுதவி, என்ற பெயரில் 1951-ல் தொடங்கிய சங்கங்கள் இன்றும் இயங்குகின்றன. ஒரு ஆளுக்கு ஒரு வாக்கு. ஆண்டுக்கு ஒரு பொதுக்கூட்டம். அதில் தணிக்கைக் குழுவின் அறிக்கை.